தேன்கூட்டுச் சரிவு யாருது?

துரையோட புஸ்தகத்துல தீத்ராவைப் பத்தி ரெண்டே வரிதான் இருக்கு. "செம்ரா ஊர்ப் பூசாரி. பேச்சு மாறுகிறவன், நம்பத்தக்கவன் அல்ல." அதுக்குக் கீழயே என்னைப் பத்தியும் ஒரு வரி. "மன்போத், மாட்டுக்காரன். நம்பிக்கையானவன்." குமாஸ்தாவே எனக்குப் படிச்சுக் காட்டினார். பால்ல பாதிக்குப் பாதி தண்ணி ஊத்துறவன் நான். நெய்னு சொல்லி இலுப்பை எண்ணெயைக் கலந்து சந்தையில வித்தவன். பொண்டாட்டிகிட்ட ஒரு நாளைக்கு நாலு பொய்யாவது சொல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட நான் நம்பிக்கையானவனாம், தீத்ரா பொய்யனாம். இந்த அநியாயத்தை எங்க போய்ச் சொல்லுறது? அதான் உங்ககிட்டயாவது சொல்லிடலாம்னு உட்கார்ந்திருக்கேன்.

தீத்ரா பைகா ஜாதி. மைக்கல் மலைமேல செம்ரான்னு பதினெட்டுக் குடிசை இருக்கு, அங்க பிறந்தவன். நான் கீழ ஆத்தோரம், மாடு மேய்க்கிற அஹீர் ஜாதித் தெரு. வெயில் ஏறினா மாடுகளை மேல ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன், மூணு மாசம் செம்ராவுலதான் என் பாடு. ரெண்டு பேருக்கும் மீசை அரும்புற வயசுல ஒரு நவராத்திரிக்கு முளைப்பாரி மாத்திக்கிட்டோம். அவன் வளர்த்த முளையை என் காதுல செருகினான், என்னுதை அவன் காதுல நான் செருகினேன். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. "ஜவாரா"ன்னுதான் கூப்பிடணும், முளைப்பாரின்னு அர்த்தம். கூடப்பிறந்தவன்கிட்ட கூட சண்டை போடலாம், ஜவாராகிட்ட போடக்கூடாது.

ஆள் குட்டை. தலைமுடியை வெட்டாம முடிஞ்சு கொண்டை போட்டிருப்பான். தோள்ல எப்பவும் கோடரி. சாப்பிடும்போது மட்டும் இறக்கி மடிமேல வச்சுக்குவான். அவன் அப்பன் போனதுக்கப்புறம் அவன்தான் ஊருக்குப் பூசாரி, எல்லையில ஆணி அடிக்கிறவன். சுத்துப்பட்டுல எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எல்லைத் தகராறு வந்தாலும் தீத்ராவைத்தான் கூப்பிடுவாங்க. அவன் நடந்து பார்த்துட்டு ஓரிடத்துல நின்னு ஆணி அடிச்சா அதோட பேச்சு முடிஞ்சுது. ஒருதடவை பக்கத்துல கோண்டு ஜாதிக்காரங்க ஊருக்கும் செம்ராவுக்கும் ஒரு இலுப்பை மரத்துக்காகச் சண்டை. தீத்ரா காலையிலயிருந்து உச்சி வரைக்கும் நடந்தான். மரம் கோண்டுக்காரங்க பக்கம்தான்னுட்டான். அந்த வருஷம் செம்ராவுல சாராயம் காய்ச்சப் பூ பத்தல. அவன் பொண்டாட்டி பைசாகின் ஒரு மாசம் அவனை வாட்டி எடுத்தா.

பைசாகின் வேற ஒருத்தனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தவ. ஒரு விழாவுல ஆடிக்கிட்டிருந்தவ, விடிஞ்சதும் இவன் பின்னாலயே நடந்து செம்ராவுக்கு வந்துட்டா. ஏன் வந்தேன்னு நான் ஒருதடவை கேட்டேன். "அவன் வாயைத் திறந்தா பொய். இவன் சொல்ல மாட்டான்னு நம்பி வந்தேன். வந்தப்புறம்தான் தெரியுது, பொய் சொல்லுற புருஷன்தான் வீட்டுக்கு உதவுவான்"னா. தீத்ரா காதுல விழுற மாதிரிதான் சொன்னா. அவன் கோடரியைத் தீட்டிக்கிட்டே, "இன்னும் நேரம் இருக்கு, அவன்கிட்டயே போ"ன்னான். "போடா கிழட்டுக் கரடி"ன்னுட்டுக் கஞ்சியை ஊத்தினா. அப்படித்தான் அவங்க குடும்பம் நடந்துச்சு, நல்லாத்தான் நடந்துச்சு.

அவங்க புனம் போடுறதுல ஒரு முறை இருக்கு. ஒரு சரிவுல மாசியில மரம் வெட்டுவாங்க, காயவிடுவாங்க, சித்திரை வைகாசி வெயில்ல தீ வச்சு, மழைக்கு முன்னால சாம்பல்ல வரகும் சாமையும் தூவுவாங்க. ஏர் கிடையாது. மண்ணைக் கீறுறது அவங்களுக்குத் தாயோட நெஞ்சைக் கீறுற மாதிரி. மூணு வருஷம் விதைச்சுட்டு அந்தச் சரிவை விட்டுடுவாங்க. விட்ட சரிவு தூங்கும். வெட்டின அடிமரம் துளிர்த்து, மூங்கில் ஏறி, காடு பழையபடி மேல வரும். பத்துப் பன்னெண்டு வருஷத்துல முழிக்கும். முழிச்சுதா இல்லையான்னு தீத்ராதான் சொல்லணும். கோழிக்குஞ்சு ரத்தத்தை விட்டு, மண்ணுல காதை வச்சுக் கேட்டுச் சொல்லுவான். அதுவரைக்கும் அந்தச் சரிவை யாரும் "எங்களுது"ன்னு சொல்லக்கூடாது. வாய் தவறிக்கூடக் கூடாது. அசந்து தூங்குற தாயை உலுக்கி எழுப்பிச் சோறு கேட்டா எப்படி இருக்கும், அந்த மாதிரி. கோவத்தோட எழுந்திருப்பா, புலி வரும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும்பாங்க. செம்ராவுல நடக்கத் தெரிஞ்ச குழந்தைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். தெரியும்னுதான் சொல்லுறேன், கவனிச்சுக்குங்க.

செம்ராவுக்கு மொத்தம் ஏழு சரிவு. அப்போ விதைச்சிருந்தது பாறையடிச் சரிவு, முதல் வருஷம். மத்த ஆறும் தூங்கிக்கிட்டிருந்துச்சு. அடுத்து முழிக்க வேண்டியது தேன்கூட்டுச் சரிவு. அந்த வருஷம் மார்கழியிலதான் துரை வந்து மலையடியில, எங்க தெருவுக்குப் பக்கமா, கூடாரம் போட்டார்.

ரெண்டு யானை, ஏழெட்டுக் கூடாரம், நிலம் அளக்கச் சங்கிலி, மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கிற ஒரு குமாஸ்தா. துரைக்குத் தினம் ரெண்டு செம்பு பால் நான்தான் ஊத்தினேன். அதுல மட்டும் தண்ணி கலக்கல, பயம். சர்க்கார் ஆளுங்க பேசுற கச்சேரிப் பாஷை எனக்குக் கொஞ்சம் வரும், மண்ட்லா சந்தைக்குப் போய்வந்த பழக்கம். குமாஸ்தா அதைக் கண்டுபிடிச்சுட்டார்.

"டேய் மாட்டுக்காரா, இந்த மலைக்காரங்க பேசுறது உனக்குப் புரியுமா?"

"புரியும் எஜமான்."

"அப்போ இங்க வந்து நில்லு. அவங்க சொல்லுறதை எனக்குச் சொல்லு, நான் சொல்லுறதை அவங்களுக்குச் சொல்லு."

ஒரு சால மரத்தடியில மேஜை போட்டு உட்கார்ந்தாங்க. செம்ரா ஜனம் முழுக்கத் தரையில. தீத்ரா முன்னால நின்னான்.

"பாறையடிச் சரிவு யாருது?"

"எங்களுது சாமி. வெட்டினோம், வரகு போட்டிருக்கோம்."

நான் சொன்னேன், குமாஸ்தா எழுதினார். "அதுக்கு மேல இருக்கே, தேன்கூட்டுச் சரிவு, அது யாருது?"

பின்னால உட்கார்ந்திருந்த பொம்பளைங்க பேச்சை நிறுத்திட்டாங்க. தீத்ரா ஒரு எட்டுப் பின்னால வச்சான்.

"எங்களுது இல்ல."

"அப்போ யாருது?"

"யாருதும் இல்ல. தூங்குது."

இதை நான் அப்படியே சொன்னேன். குமாஸ்தா மூக்கைத் துடைச்சுக்கிட்டுக் கத்தினார். "தூங்குதா முழிச்சிருக்கான்னா கேட்டேன்? யாருதுன்னு கேட்டேன். இவன் என்ன, காலையிலயே ஊத்திக்கிட்டு வந்திருக்கானா?" துரை சிரிச்சுட்டார். எனக்குப் பால் கறக்க நேரமாயிடுச்சு. எருமைங்க மடி கனத்துக் கத்துறது அங்க வரைக்கும் கேட்குது. தூங்குதுன்னா இந்த மனுஷன் கத்துறார், வேற என்ன சொன்னா எழுதுவார்னு பார்த்தேன். "சும்மா கிடக்குதுன்னு சொல்லுறான் எஜமான்"னேன். உடனே எழுதிட்டார். தரிசு, உரிமை கோருவார் இல்லை.

மூணு தடவை கேட்கணும்னு சட்டமாம். மூணு தடவை கேட்டாங்க, மூணு தடவையும் தீத்ரா இல்லேன்னான். மத்த அஞ்சு சரிவுக்கும் அதே கேள்வி, அதே பதில். ஒரு வெத்தலை மென்னு துப்புற நேரத்துல ஆறு சரிவும் தரிசாயிடுச்சு. கையெழுத்துக்குப் பதிலா ஒரு குறி போடச் சொன்னாங்க. தீத்ரா நாக்கை வெளிய நீட்டிக்கிட்டு, பொறுமையா ஒரு கோடரி வரைஞ்சான்.

திரும்பி நடக்கும்போது அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "துரை நல்ல மனுஷன் ஜவாரா. தூங்குறதை யாரும் தொடக்கூடாதுன்னு எழுதிக்கிட்டார் பாரு"ன்னான். நான் தலையாட்டினேன். துரை எனக்கு ஒரு காலி பிஸ்கட் டப்பா குடுத்திருந்தார், அதைத் தட்டிப் பார்த்துக்கிட்டே வந்தேன். பாவி, எனக்கு அந்த டப்பாதான் பெரிசா இருந்துச்சு.

அடுத்த வருஷம் காட்டுக்குள்ள வெள்ளை அடிச்ச கல்லு நட்டாங்க. துரை ஊர்லயும் யாரோ பூசாரி எல்லைக்கு ஆணி அடிக்கிறார் போலன்னு நினைச்சுக்கிட்டு, செம்ரா பொம்பளைங்க கல்லுக்குக் கல்லு பூ வச்சுட்டு வந்தாங்க. யாருக்கும் ஒண்ணும் தோணல. பாறையடிச் சரிவுல மூணாம் வருஷ அறுவடையும் முடிஞ்சுது. மூணாம் வருஷம்னா மண்ணு களைச்சிருக்கும், விளைச்சல் பேருக்குத்தான். ஒவ்வொரு வீட்டுலயும் விதைக்கூடையை அடுப்புக்கு மேல புகையில தொங்கவிட்டுட்டு, மிச்சத்தைக் கஞ்சிக்கு வச்சுக்கிட்டாங்க.

மாசி பிறந்ததும் தீத்ரா தேன்கூட்டுச் சரிவுக்குப் போனான். நானும் போயிருந்தேன். சால மரமெல்லாம் தொடை கனம் வந்திருந்துச்சு. ரத்தம் விட்டான், குப்புறப் படுத்து மண்ணுல காதை வச்சான். ரொம்ப நேரம் அசையல. நான் தூங்கிட்டானோன்னு நினைச்சேன். எழுந்தப்போ கன்னமெல்லாம் மண்ணு, பல்லெல்லாம் தெரியுது.

"முழிச்சுட்டா ஜவாரா!"

நாலு நாள் ஊரே வெட்டினாங்க. அஞ்சாம் நாள் காட்டுக் காவல்காரன் வந்தான். ராம்தீன்னு பேர், தடியோட அஞ்சாறு ஆளுங்க கூட.

"ஏய், யாரைக் கேட்டு வெட்டுறீங்க?"

"இவளைக் கேட்டுத்தான்"னு தீத்ரா மண்ணைக் காட்டினான்.

"அவ சீட்டு எழுதிக் குடுத்தாளா? இது சர்க்கார் காடு, தெரியுமா?"

"சர்க்கார் எந்த வருஷம் இங்க விதைச்சுது? நான் பார்க்கலியே."

பைசாகின் வெட்டின கிளையைக் கீழ போட்டுட்டு முன்னால வந்தா. "சீட்டு கேட்க வந்துட்டான் பெரிய மனுஷன். உன்னைப் பெக்குறதுக்கு உங்கம்மா யாருகிட்டடா சீட்டு வாங்கினா?"

எல்லாரும் சிரிச்சாங்க. ராம்தீன் சிரிக்கல. அத்தனை கோடரியையும் பிடுங்கி மூங்கில் நார்ல கட்டாக் கட்டித் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். செம்ராவுல அன்னைக்கு சாயங்காலம் பார்க்கணுமே. ஆம்பளைங்க கை சும்மா சும்மா தோளுக்குப் போகுது, அங்க ஒண்ணும் இல்லாம திரும்பி வருது. தீத்ரா ஒரு பக்கமா சாய்ஞ்சு சாய்ஞ்சு நடந்தான்.

இனி நாள் இல்ல. சித்திரைக்குள்ள வெட்டினது காயணும், மழைக்குள்ள எரியணும். இல்லேன்னா அந்த வருஷம் விதைப்பு இல்ல, விதைப்பு இல்லேன்னா அடுத்த வருஷம் சோறு இல்ல. துரை ரெண்டு நாள் நடை தூரத்துல கூடாரம் போட்டிருக்கார்னு நான்தான் சொன்னேன். ஊரே கிளம்பிச்சு. வழியெல்லாம் தீத்ரா தெம்பா இருந்தான்.

"அன்னைக்குச் சொல்ல முடியல. இன்னைக்குச் சொல்லலாம். முழிச்சாச்சுல்ல?"

"நிறுத்தி நிதானமாச் சொல்லு. ரெண்டு வார்த்தை போதும்"னேன்.

"ரெண்டு வார்த்தையா, இவனா?"ன்னா பைசாகின். "துரை கூடாரத்துல ஒரு கழி நம்ம எல்லையில நட்டிருக்குன்னு அங்கயும் ஆணி அடிக்க ஆரம்பிச்சுடுவான்."

துரை மாறியிருந்தார். இவர் சின்ன வயசு, நல்ல மாதிரி. சாப்பிட்டீங்களான்னு கேட்டார். குமாஸ்தா மாறல, அவர் மூக்கும் மாறல, புஸ்தகமும் அதேதான். என்னையே கூப்பிட்டு நிறுத்தினாங்க.

"தேன்கூட்டுச் சரிவு யாருது?"

"எங்களுது!" தீத்ரா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். பின்னால இருந்து பதினெட்டு வீடும் "எங்களுது, எங்களுது"ன்னுச்சு. எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு.

குமாஸ்தா புஸ்தகத்தைத் திருப்பி மேஜைமேல வச்சார். "இது உன் குறிதானே?"

தீத்ரா குனிஞ்சு பார்த்தான். "ஆமா, நான் போட்ட கோடரிதான். பிடி கொஞ்சம் கோணலாயிடுச்சு."

"அன்னைக்கு மூணு தடவை கேட்டோம். உங்களுது இல்லேன்னியா?"

"சொன்னேன்."

"இன்னைக்கு?"

"எங்களுது."

"இதுல எது பொய்?"

"ரெண்டும் பொய் இல்ல சாமி."

நான் புகுந்து சொல்லிப் பார்த்தேன். எஜமான், அவங்க முறைப்படி காடு தூங்கும், முழிக்கும், தூங்கும்போது சொந்தம் சொல்லக்கூடாதுன்னு தட்டுத்தடுமாறி எனக்குத் தெரிஞ்ச கச்சேரிப் பாஷையில சொன்னேன். குமாஸ்தா, "தூங்குறதுக்கும் முழிக்கிறதுக்கும் புஸ்தகத்துல கட்டம் இல்லீங்க துரை"ன்னார். துரை கன்னத்துல கைவச்சு யோசிச்சார். அவருக்கு மனசு இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். அப்புறம் என்கிட்டச் சொன்னார். அன்னைக்குச் சொன்னது தப்புன்னு இந்த ஆள் ஒத்துக்கிட்டா, பதிவுல பிழைன்னு மேல எழுதி, அந்த ஒரு சரிவையாவது விட்டுக்குடுக்கப் பார்க்கிறேன். நாளைக்குக் காலையில கூடாரம் கிளம்புது, இன்னைக்கே சொல்லணும்னார்.

நான் தீத்ரா கையைப் பிடிச்சுக்கிட்டேன். "ஜவாரா, சரிவு கிடைச்சுடும். அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"தப்பாச் சொல்லலியே."

"அது எனக்குத் தெரியும்யா. சொல்லு."

"சொல்லித் தொலையேன்!" பைசாகின் அழுதே போயிட்டா. அவ அழுது நான் பார்த்ததே இல்ல. "விதையைத் தொங்கவிட்டுட்டு வந்திருக்கோம். ஒரு வார்த்தைதானே? உன் வாய் என்ன வெந்தா போயிடும்?"

அவன் எல்லாரையும் திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடினான். சொல்லணும்னு அவனுக்கும் ஆசைதான், நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

"ஜவாரா, அன்னைக்கு அவ தூங்கினா. தப்புன்னு நான் இப்போ சொன்னா, தூங்கும்போதே அவளை என்னுதுன்னு சொன்ன மாதிரி ஆகாதா? இந்தச் சுத்துப்பட்டுல நான் அடிச்ச ஆணியெல்லாம் கழண்டுடும். எந்த மண்ணு எந்த ஊருதுன்னு யாரு சொல்லுவா?" குழந்தை மாதிரி என்னைப் பார்த்தான். "வேற ஏதாவது கேட்கச் சொல்லேன். என் கோழி, என் குடிசை, எதை வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லு."

துரை என்னன்னு கேட்டார். சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டுட்டு என் பக்கம் திரும்பினார். கச்சேரிப் பாஷையில, மெதுவா, எனக்கு மட்டும் கேட்குற மாதிரி கேட்டார். "அன்னைக்கு அவன் பேச்சைக் கச்சேரிப் பாஷைக்கு மாத்திச் சொன்னது நீதானே? உன் பக்கம் ஏதாவது பிசகு நடந்திருக்குமா? தூங்குதுங்கிறதை நீ எப்படிச் சொன்னே? யோசிச்சுச் சொல்லு. அப்படி இருந்தாலும் நான் எழுதலாம்."

குமாஸ்தா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவர் கைக்குக் கீழ ஒரு கட்டுக் காகிதம். என் முப்பது எருமைக்கும் மேய்ச்சல் சீட்டு கேட்டு நான் குடுத்த மனு அதுக்குள்ளதான் இருந்துச்சு. அந்த வருஷத்துலயிருந்து காட்டுல மாடு மேய்க்கிறதுக்கும் சீட்டு வேணும்னு ஆயிடுச்சு. நான் பிசகினேன்னா அவரும் பிசகினவர்தான். சீட்டு இல்லேன்னா எருமை இல்ல, எருமை இல்லேன்னா நான் இல்ல.

"வார்த்தைக்கு வார்த்தை சரியாத்தான் சொன்னேன் எஜமான்"னேன்.

துரை தலையாட்டினார், குமாஸ்தா எழுதினார். தீத்ராவைப் பத்தின அந்த ரெண்டு வரியும் என் வரியும் அப்போ எழுதினதுதான்.

"என்ன கேட்டார்?"னு தீத்ரா என் தோளைத் தொட்டான்.

"உன் வயசு கேட்டார்."

"நாப்பது இருக்கும்னு சொன்னியா?"

"சொன்னேன்."

ஊருக்குத் திரும்பி வந்தோம். கோடரியைத் திருப்பிக் குடுத்தாங்க, பச்சை மரத்தைத் தொட்டா ஜெயில்னு சொல்லித்தான். நாலு நாள் வெட்டிப் போட்ட மரம் தேன்கூட்டுச் சரிவுல காய்ஞ்சு சருகாக் கிடந்துச்சு, அதுக்குத் தீ வைக்கக்கூடாது. வெயில் போச்சு, மழை வந்துச்சு. மழை அந்த வருஷம் என்னமா பேஞ்சுது தெரியுமா? ஆத்திரத்துல நான் வானத்தைப் பார்த்துத் திட்டினேன்.

ஆடியில பைசாகின் விதைக்கூடையை இறக்கினா. நான் அன்னைக்கு அங்க இருந்தேன். கூடையை அப்படியே உலையில கவுத்தா.

"அது விதைடி"ன்னான் தீத்ரா.

"தெரியும். உன் உண்மை வேகுமா? வேகும்னா எடுத்துக் குடு, அதைப் போடுறேன்."

கஞ்சியை மூணு பேருக்கும் ஊத்தினா. எனக்கு வேண்டாம்னேன். "குடி, நீயும்தானே கூட வந்தே"ன்னா. குடிச்சேன். தீத்ராவும் குடிச்சான், கண்ணுல தண்ணி வழிய வழியக் குடிச்சான், துடைக்கக்கூட இல்ல. நாங்க மூணு பேரும் பாத்திரத்தை வழிச்சுட்டுத்தான் எழுந்தோம்.

கீழ ஆத்தோரம் நிலம் தர்றோம், ஏரும் மாடும் தர்றோம், உழுது பொழைச்சுக்குங்கன்னு சர்க்கார் ஆள் வந்து சொன்னாங்க. ரெண்டு மூணு வீடு போச்சு. தீத்ரா ஏரைப் போய்ப் பார்த்தான், கொழுமுனையை விரலால தொட்டுப் பார்த்தான், வந்துட்டான். கிழக்கே ராஜா சீமையில இன்னும் புனம் வெட்ட விடுறாங்கன்னு பேச்சு வந்துச்சு. அறுப்புக் காலத்துல பதினொரு வீடு மூட்டை கட்டிச்சு. பைசாகினோட தம்பி அங்கதான் இருந்தான். சுரைக்குடுவையையும் பாயையும் தலையில வச்சுக்கிட்டு அவ தீத்ரா கையைப் பிடிச்சு இழுத்தா.

"வா. நான் திட்ட மாட்டேன், வா."

"நான்தானே அவளை எழுப்பினேன்? முழிச்சுக் கிடக்கா, தீயும் இல்ல, விதையும் இல்ல. எழுப்பிவிட்டவன் அப்படியே போட்டுட்டுப் போனா அவ யாரை நம்புவா?"

"என்னையும்தானே கூட்டிக்கிட்டு வந்தே. என்னைப் போட்டுட்டு நிக்கிறியே."

அவ கொஞ்ச தூரம் போய் ஒரு கல்லை எடுத்து அவன் மேல வீசினா. அவனுக்கு முன்னாடியே விழுந்துடுச்சு. அப்புறம் திரும்பிப் பார்க்காம போயிட்டா. அதுக்கப்புறம் அவ சேதி வரவே இல்ல. பொம்பளைன்னா அவதான் பொம்பளை, எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

மிச்சம் இருந்த வீடுகளைக் காட்டு வேலைக்கு வச்சுக்கிட்டாங்க. வெயில் காலம் முழுக்கத் தேன்கூட்டுச் சரிவைச் சுத்திச் சருகைக் கூட்டி, புல்லைச் செதுக்கி, தீ உள்ள நுழையாம பாதை போடணும். அதுதான் தீத்ராவுக்கு வேலை. எந்தச் சரிவுக்குத் தீ வைக்கணும்னு நடையா நடந்தானோ, அதே சரிவுக்கு ஒரு பொறி விழாம காவல் காத்தான். காலையில வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னால குனிஞ்சு மண்ணுகிட்ட ஏதோ சொல்லுவான். என்ன சொல்லுறேன்னு கேட்டேன். "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோன்னு சொல்லுறேன்"னான். அஞ்சு வருஷம் சொன்னான். ராம்தீன் அதைப் பார்த்துட்டுக் கிறுக்கன்னு பேர் வச்சான்.

போன கார்த்திகையில காய்ச்சலோட என் வீட்டுக்கு இறங்கி வந்தான். வத்தி எலும்பாயிருந்தான். என் மாட்டுக் கொட்டகையில வைக்கோலைப் பரப்பிப் படுக்க வச்சேன். என் பொண்டாட்டி மோர்க்கஞ்சி கொண்டுவந்து குடுத்தா. உச்சி வெயில், ஈ மொய்ச்சுக்கிட்டிருந்துச்சு, நான் துண்டால விசிறிக்கிட்டிருந்தேன். ரெண்டு வாய் குடிச்சுட்டு அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சான்.

"ஜவாரா, ஒண்ணு கேட்கவா? ரொம்ப நாளா கேட்கணும்னு."

"கேளு."

"முதல் துரைகிட்ட நான் இல்லேன்னு சொன்னேன்ல, நீ அதை 'எங்களுதுதான்'னு மாத்திச் சொல்லியிருக்கலாமே? அவங்க பாஷை எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அவளும் உன்னை ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டா, நீ பைகா இல்லியே." கோவமே இல்ல அவன் குரல்ல. எப்பவும் என்னைச் சீண்டுற மாதிரிதான் கேட்டான். "எனக்கு அவகிட்ட பயம். உனக்கு யாருகிட்டய்யா பயம்?"

நான் துண்டைக் கீழ போட்டுட்டு, எருமைக்குத் தண்ணி காட்டணும்னு சொல்லி எழுந்து வெளிய வந்துட்டேன்.